முந்தானையில் முடிந்த உமி

கண்ணில் தூசி விழுந்தால்தான் ராஜாம்பாள் என்று ஒருத்தி இருப்பது அந்தத் தெருவுக்கு ஞாபகம் வரும். மற்ற நாட்களில் அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று எட்டிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. செஞ்சிக் கடைவீதிக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. அதில் கடைசி வீடு அவளுடையது. வீடு என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஒரே அறை, அதன் மூலையிலேயே அடுப்பு, வாசலில் உடைந்த சிமெண்டுப் படி.

புருஷன் பச்சைமுத்து நெல் ஏலம் நடக்கிற கமிட்டியில் மூட்டை தூக்கியவன். ஒருநாள் மூட்டையோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அறுப்புக் காலத்தில் அதே கமிட்டிக்குப் போய் மூட்டை வாய் தைப்பாள். மற்ற மாதங்களில் டிவியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டினால் இவள் மாமியாரைத் திட்டுவாள். தன் குரல் தனக்கே மறந்துபோகாமல் இருந்தது அந்தச் சண்டையால்தான்.

ஆனால் தூசி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வந்தவர்களைப் பாயில் படுக்கவைத்துத் தலையை மடியில் வாங்கிக்கொள்வாள். வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்புவாள். இமையை இரண்டு விரலால் பிரித்து, நாக்கு நுனியால் வெள்ளைவிழியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவாள். நெல் சுணை, செங்கல் தூள், பைக்கில் போகும்போது விழுந்த பூச்சி என்று எதுவானாலும் நாக்கோடு வந்துவிடும். அதை விரலில் எடுத்து, "பாரு, இதுதான்" என்று காட்டுவாள். வேலை முடிந்தது.

காசு வாங்கக் கூடாது, வாங்கினால் நாக்கு மரத்துப்போகும் என்று அவள் மாமியார் மாரியம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வந்தவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. எழுந்து போகும்போது 'வரேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடியும் தூசியோடு வரவேண்டியிருக்குமாம். அதனால் உறுத்தல் போன கையோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் தனியாக இருந்து பார்த்தவனாக இருக்க மாட்டான் என்று ராஜாம்பாள் நினைத்துக்கொள்வாள்.

மடியில் ஒரு தலை இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் கண்ட லாபம். தெருவில் யார் எந்த எண்ணெய் தடவுகிறார்கள், யாருக்கு முன்மண்டையில் முடி கொட்டுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கனம் எழுந்து போன பிறகும் காலை மடக்காமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மாரியம்மாள் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தாள். சிலருக்கு நாக்கில் ஒன்றும் வராது. தூசி எப்போதோ கண்ணீரோடு போயிருக்கும், கீறின இடம் மட்டும் உறுத்திக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கசக்கிக் கசக்கியே கண்ணைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். அதனால் முந்தானை முடிச்சில் எப்போதும் துளி உமி இருக்க வேண்டும். ஒன்றும் வராதபோது அதில் ஒரு துணுக்கை நாக்கில் ஒட்டி எடுத்துக் காட்டிவிட வேண்டும். "இது பொய் இல்லடி, மருந்து" என்றாள் மாரியம்மாள். மருந்தாகத்தான் வேலை செய்தது. உமியைப் பார்த்த நிமிஷமே உறுத்தல் விட்டுப்போய், சிரித்துக்கொண்டே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை, அந்தத் தை மாதம் தமிழ்ச்செல்வன் வரும்வரை.

தமிழ்ச்செல்வனுக்குத் திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகிற வழியில் ஒர்க்‌ஷாப். அறுப்பு மெஷின், டிராக்டர் எல்லாம் பழுது பார்ப்பான். இதே சந்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் கண்ணில் எது விழுந்தாலும் "பெரிம்மா" என்று கத்திக்கொண்டு இவள் மடிக்குத்தான் ஓடி வருவான். அம்மா இறந்து, அனுஷாவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஊருக்கு வெளியே வீடு கட்டிப் போன பிறகு வரத்து குறைந்துவிட்டது. அவளும் குறை சொன்னதில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு மத்தியானம் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றான்.

"பெரிம்மா, இருக்கிறியா?"

"எங்க போவப் போறேன்? வாடா. சாப்டியா?"

"அதெல்லாம் ஆச்சி. தளவானூர்ல ஒரு அறுப்பு மெஷின் நின்னுடுச்சி. பேரிங் கழல மாட்டேன்னுது. சுத்தியால ஓங்கித் தட்டினேன், கண்ணுல சுருக்குன்னுச்சி. வலின்னு பெருசா ஒன்னியும் இல்ல. மசமசன்னு இருக்குது, அவ்ளோதான். அனுஷா நேரா பாண்டிக்குப் போய்க் கண்ணாஸ்பத்திரியில காட்டுன்னு சொல்லுச்சி. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்தேன். மொதல்ல உன்கிட்ட காட்டிட்டுப் போலாம்னு திரும்பிட்டேன்."

ராஜாம்பாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாயை உதறிப் போட்டாள். தலை மடிக்கு வந்தது. டீசல் வாசம் அடித்தது. சின்ன வயதில் இருந்ததைவிட எத்தனையோ பங்கு கனம்.

நாக்கை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு சுற்று. இல்லை. இமையை நன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கருவிழியை ஒட்டி, வெள்ளையில் ஊசி முனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடத்தில் நாக்கு பட்டபோது கண்ணீரின் உப்போடு வேறு ஏதோ ஒரு ருசி, குழாயில் முதலில் வரும் துருத்தண்ணீர் மாதிரி. இத்தனை வருஷத்தில் எந்தக் கண்ணிலும் அவள் அந்த ருசியைக் கண்டதில்லை. இது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

'ஒன்னியும் வரல, பஸ்ஸைப் புடி' என்று சொல்லியிருந்தால் கதை வேறு. சொன்னால் உடனே எழுந்து போயிருப்பான். அடுத்த தடவை கண்ணில் எது விழுந்தாலும் சந்துக்குள் திரும்பாமல் நேரே பஸ் ஏறுவான். அதுதான் அவளுக்குச் சுட்டது. அவன் கண்ணைப் பற்றி அந்த நேரத்தில் அவள் நினைத்திருக்க வேண்டும், நினைக்கவில்லை. தன் மடியைப் பற்றித்தான் நினைத்தாள். கை பழக்கத்தில் முந்தானை முடிச்சுக்குப் போனது.

"பாரு, இதுதான்."

எழுந்து உட்கார்ந்து, அவள் விரல் நுனியை உற்றுப் பார்த்தான். "உமியா? நான் இரும்போன்னு பயந்துட்டேன் பெரிம்மா."

"அறுப்பு மெஷின்ல உமி இல்லாம இன்னா இருக்கும்?"

"இன்னும் மங்கலாத்தான் இருக்குது."

"கீறியிருக்குதுடா. ஆறிடும்."

அவன் பஸ்ஸுக்குப் போகவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூடத்தில் செய்யும் சேட்டையை எல்லாம் சொன்னான். அனுஷாவுக்குக் கடைவீதி ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததைச் சொன்னான். வெயில் இறங்குகிற வரைக்கும் இருந்தான். பிறகு முறைப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அன்றைக்கு அவள் டிவியே போடவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பதற்கில்லை.

இரண்டொரு நாளில் அனுஷா வந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் படியிலேயே நின்றாள்.

"அத்தே, அவரு கண்ணு ரத்தமா செவந்துட்டுது. கீழ இருந்து கருப்பா திரை மாதிரி ஏறுதுன்றாரு. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கினு ஒர்க்‌ஷாப்புல போய் உக்காந்துகிறாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேன்றாரு. பெரிம்மா எடுத்ததை நானே பாத்தேன், அப்பால இன்னாத்துக்கு ஆஸ்பத்திரின்னு என்னையே திட்றாரு." மூச்சு வாங்கினாள். "நீங்களே சொல்லுங்க அத்தே. உள்ள வேற எதனா இருக்குமா? எல்லாம் வந்துட்டுதா?"

உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றது அந்தக் கேள்வி. ராஜாம்பாள் உள்ளே போகவில்லை. உமி அவன் கண்ணில் இருந்து வரவில்லை, என் முந்தானையில் இருந்து வந்தது என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரியும். சந்துக்குத் தெரிந்தால் கமிட்டிக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தத் தலை இந்த மடிக்கு வரும்? நின்ற நிலையிலேயே இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டாள் பாவி.

"வந்துட்டுதே" என்றாள்.

அனுஷா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். பாதி நம்பிக்கையோடுதான் போனாள்.

அன்றைக்கு ராஜாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. டிவியைப் போட்டாள். மாமியார் கத்திக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அந்த 'வந்துட்டுதே' தான் வருகிறது. அணைத்துவிட்டாள். அணைத்த பிறகு வீட்டில் சத்தமே இல்லை. இந்த அமைதிக்குப் பயந்துகொண்டுதான் ஒரு பிள்ளையின் கண்ணைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் நடந்தாள். கோட்டை மலைப் பாறையில் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் தமிழ்ச்செல்வன் ஒரு கண்ணில் துணியை அழுத்திக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். டிராக்டரை விட்டுவிட்டுக் காத்திருந்த விநாயகம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரும் அவளிடம் வந்து போனவர்தான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டால் வாய் மறுபடியும் ஏமாற்றிவிடும் என்று பயந்தாள். அதனால் எல்லோர் எதிரிலும் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உமியை உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள்.

"தமிழு, அன்னைக்கு உனக்குக் காட்டினது இது. உன் கண்ணுல இருந்து ஒன்னியும் வரல."

"இன்னா பெரிம்மா சொல்ற?"

"ஒன்னியும் வரலடா. எதுவும் வரலன்னா இப்பிடி எடுத்துக் காட்டுவேன். உனக்கும் அதான் பண்ணேன். உன் கண்ணுல துரு ருசி இருந்துச்சி. தெரிஞ்சே பண்ணேன். இரும்பு உள்ள போயிருக்குது. பாண்டிக்குப் போ. இப்பவே போ."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்கள். விநாயகம் பேப்பரை மடித்தார். "அப்ப என் பேத்திக்கு எடுத்தியே, அது?" என்றார்.

தமிழ்ச்செல்வன் அந்த உமியை நல்ல கண்ணால் வெகுநேரம் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஓர் ஆளை பைக்கை எடுக்கச் சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டான். அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. உமியைக் காற்று கொண்டுபோயிற்று.

யாரும் கூப்பிடாமலே அடுத்த பஸ்ஸில் அவளும் பாண்டிக்குப் போனாள். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, சேதி கேட்டு வந்து அனுஷா உட்கார்ந்திருந்த வராந்தாவின் கோடியில் ஒரு பெஞ்சில் ஒண்டினாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் முடிந்து, டாக்டரம்மா அனுஷாவிடம் சொன்னது இவள் காதிலும் விழுந்தது.

"இரும்புத் துண்டு கண்ணுக்குள்ள பின்பக்கம் போய் உக்காந்திருக்கு. துளை தானா மூடிக்கிட்டதால வெளிய தெரியல. உள்ள இருக்கிற ஜெல்லியை எடுத்துட்டு, காந்தத்தால இரும்பைப் புடிச்சு வெளிய கொண்டு வரணும். விழித்திரையும் கிழிஞ்சிருக்கு. சீழ் வேற கட்ட ஆரம்பிச்சிருக்கு." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். "யாராவது வாய் வெச்சாங்களா?"

அனுஷா வராந்தாவின் இந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாம் மேடம்" என்றாள்.

"அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா அதை முடிக்காமல் உள்ளே போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை ராஜாம்பாள் சாயங்காலம் வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்தபோது அனுஷா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நர்ஸ் வெளியே வந்து, "தமிழ்ச்செல்வன் கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் இன்னொரு தடவை கேட்டாள். ராஜாம்பாள் எழுந்து, "நான்தான்" என்றாள்.

நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை நீட்டினாள். "பாருங்க, உள்ள இருந்து எடுத்தது."

புட்டியின் அடியில் கருப்பாக ஒரு துணுக்கு. அவள் காட்டிய உமியைவிடச் சின்னது. இத்தனை காலமும் 'பாரு, இதுதான்' என்று அவள்தான் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒருத்தர் காட்டியது இதுதான் முதல் தடவை. எந்த நாக்கும் எட்டாத இடத்தில் இருந்து வந்த துணுக்கு.

அனுஷா வந்து புட்டியை வாங்கிக்கொண்டாள். "நீங்க ஊருக்குப் போங்க அத்தே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள், சில நாளைக்குக் குப்புறப் படுத்தே இருக்க வேண்டுமாம். கதவு திறந்து மூடின நேரத்தில், தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவள் கணக்குப் போட்டது போலவே நடந்தது. அறுப்பு நெருக்கடியில் ஊரே தூசியாகப் பறந்தது. கண் சிவந்தவர்கள் சந்து முனையைத் தாண்டி மெடிக்கலுக்குப் போனார்கள். கமிட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை தைக்கிறவள்கூடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். விஷயம் தெரியாத ஒரே ஒருத்தி மேல்சித்தாமூரில் இருந்து விசாரித்துக்கொண்டு வந்தாள். ராஜாம்பாள் நாக்கை வைக்கவில்லை. சுத்தமான தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஊற்றிக் கழுவிவிட்டு, "போவலன்னா ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றாள். "நாக்குல எடுப்பீங்கன்னு சொன்னாங்களே" என்று அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். மடியில் படுக்கக்கூட இல்லை. முந்தானையில் இப்போது முடிச்சு கிடையாது. கை மட்டும் அடிக்கடி அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் தமிழ்ச்செல்வன் வந்தான். கருப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இளைத்திருந்தான். உள்ளே வந்து பாயை அவனே விரித்து உட்கார்ந்தான். ராஜாம்பாள் சாப்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒன்னு கேக்கணும்னு வந்தேன்" என்றான். "சின்னப்புள்ளையில எத்தினி வாட்டி வந்திருப்பேன். அதெல்லாம் நிஜமா எடுத்தியா?"

"சிலது வந்துச்சி. சிலது வரல."

"எது எது?"

"தெரியலடா. ஞாபகம் இல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவனுக்கு அந்தக் கண் கெட்டதைவிட இதுதான் பெரிய வலியோ என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்தான்.

"வேளாவேளைக்கு விடணும். அனுஷா கடைக்குப் போயிடுது. நானா விட்டுக்கினா கன்னத்துலதான் விழுது. கையெல்லாம் வேற கிரீஸு."

அவள் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். போதாது என்று இன்னொரு தடவை கழுவினாள். உட்கார்ந்து காலை நீட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை மடியில் வைத்தான். அதே டீசல் வாசம். அதே கனம். இமையைப் பிரித்து ஒரு சொட்டு விட்டாள்.

"கண்ணை மூடிக்கினு கொஞ்ச நேரம் இருக்கணும். அப்பதான் மருந்து உள்ள எறங்கும்" என்றான். மூடிக்கொண்டான்.

அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. நேரம் போனது. மருந்து இறங்குவதற்கு வேண்டிய நேரத்துக்கும் மேலே போனது. அவன் கண்ணைத் திறக்காமலே, "ஆச்சா பெரிம்மா?" என்று கேட்டான்.

இன்னும் கொஞ்சம் இருடா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இருப்பான். ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை. அதை விழுங்கினாள்.

"ஆச்சி" என்றாள். "அப்பவே ஆயிடுச்சி."

அவன் எழுந்து உட்கார்ந்தான். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றதை அவள் பக்கம் திருப்பினான். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"நீ உக்காந்திருக்கிறது தெரியுது பெரிம்மா. பொடவை தெரியுது. மூஞ்சிதான் தெரியல."

அவன் கையை எடுப்பதற்குள் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் எழுந்தான். படியில் செருப்பைத் தேடிக் காலால் துழாவினான். மாட்டிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றான்.

"வரேன்" என்றான்.

அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். அப்படிச் சொல்லக் கூடாதுடா என்று அவளுக்குப் பதறியது. அப்புறம்தான், அவன் தூசி எடுக்க வந்தவன் இல்லையே என்பது ஞாபகம் வந்தது.

"வா" என்றாள்.